மருத்துவச்சியின் பையில் என்ன இருந்தது? (இங்கிலாந்து, 1902 முதல் 1936 வரை)

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2022

1902ல் இங்கிலாந்தில் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது என்று படித்தேன். அதுவரை படிக்காத கிழவிகள் அழுக்குக் கையோடு பிரசவம் பார்த்துத் தாய்மார்களைக் கொன்றார்கள், சட்டம் வந்து பயிற்சி கொடுத்ததும் சாவு நின்றது. இதுதானே கதை? அப்புறம், அந்தக் காலத்து மருத்துவச்சி தூக்கிக்கொண்டு போகும் பைக்குள் என்னதான் இருக்கும்?

3 பிப்ரவரி, இரவு

முதல் கேள்வி வம்பு பிடித்தது, அதற்கு அப்புறம் வருகிறேன். பையை முதலில் பார்ப்போம்.

பையில் என்ன வைப்பது என்று முடிவு செய்தது மருத்துவச்சி இல்லை. சட்டத்தின்படி அமைந்த மத்திய மருத்துவச்சிகள் வாரியம் விதி போட்டது. பிரசவத்துக்குக் கூப்பிட்டால் எடுத்துப் போக வேண்டியவை: பிறப்புறுப்பைக் கழுவ ஒரு குழாய், எனிமாவுக்குத் தனியாக வேறொரு குழாய், மூத்திரம் எடுக்கக் கதீட்டர், கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், நகம் தேய்க்கும் பிரஷ், கை கழுவக் கிருமிநாசினி. பையோ கூடையோ எதுவானாலும் அதைப் பிரசவத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். உள்ளே கழற்றிச் சுத்தம் செய்கிற மாதிரி ஒரு துணி இருக்க வேண்டும்.

உடைக்கும் விதி உண்டு. கொதிக்க வைத்துத் துவைக்கக்கூடிய பருத்தி அல்லது லினன் உடை, மேலே சுத்தமான ஏப்ரன். கைப்பகுதி முழங்கைக்கு மேலே ஏற்றிவிடுகிற மாதிரி தைத்திருக்க வேண்டும்.

இல்லாததையும் பாருங்கள். ஆயுதம் போட்டு எடுக்கும் இடுக்கி கிடையாது. தையல் போட அனுமதி கிடையாது. கிழிந்தால், குழந்தை குறுக்கே இருந்தால், வலிப்பு வந்தால் டாக்டருக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

4 பிப்ரவரி

இதையெல்லாம் நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்த்தேன். மதுரையில் நர்சிங் படித்து, தேனிப் பக்கம் கொஞ்ச காலம் பிரசவ அறையில் நின்றுவிட்டு, இப்போது வடக்கு இங்கிலாந்தில் மிட்வைஃபாக இருக்கிறேன். எங்களோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா, தன் பாட்டியின் பையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

வாய் அகலமாகத் திறக்கும் கருப்புத் தோல் பை. உள்ளே வெள்ளைக் காடாத்துணி உறை, ஓரமெல்லாம் நாடா. நாடாவை அவிழ்த்தால் உறை முழுசாகக் கையோடு வந்துவிடுகிறது. உறையின் சுவரில் பாட்டில்கள் நிற்க வளையம் வளையமாகத் தைத்திருந்தார்கள். இடுக்கில் ஃபிளானல் துணியில் சுற்றிய ஒரு கதீட்டர். கண்ணாடி! ரப்பர் என்றே நினைத்துப் பிரித்தேன். நுனி லேசாக வளைந்து, ஓரம் உருட்டி வழுவழுப்பாக இருந்தது. கொதிக்க வைக்கும்போது உடையாதா என்று கேட்டேன். பாத்திரத்தின் அடியில் துணி விரித்துப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு மெதுவாகச் சூடாக்குவார்களாம்.

இன்னொன்றைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பித்தளை முகம் வைத்த கொக்கித் தராசு. குழந்தையைத் துணியில் முடிந்து கொக்கியில் தொங்கவிட வேண்டும். நம் அங்கன்வாடியில் சால்ட்டர் தராசு என்று தொங்குமே, அதன் பாட்டிதான்.

4 பிப்ரவரி, பிறகு

டெட்டால் இருந்ததா? ஆரம்பத்தில் இல்லை. லைசால், கார்பாலிக், பொட்டாசியம் பெர்மாங்கனேட், பாதரச பெர்குளோரைடு மாத்திரை. கடைசியாகச் சொன்னது கொடிய விஷம். தவறிப்போய் யாரும் வாயில் போட்டுவிடக் கூடாது என்று நீலச் சாயம் ஏற்றி விற்றார்கள்.

டெட்டால் 1930களின் தொடக்கத்துச் சமாசாரம். லண்டன் குயீன் சார்லட் பிரசவ மருத்துவமனையில் லெனார்ட் கோல்புரூக் என்ற டாக்டர்தான் அதைப் பிரசவத்துக்குச் சோதித்துப் பார்த்து 1933ல் எழுதினார். நாம் ஷேவிங் கீறலுக்குத் தடவுகிறோம்! கோல்புரூக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

6 பிப்ரவரி

சரி, வம்புக்கு வருகிறேன். "சட்டம் வந்தது, சாவு நின்றது."

நிற்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1900களின் தொடக்கத்தில் ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் 4 தாய்மார்கள் இறந்தார்கள். 1934லும் ஏறக்குறைய அதே கணக்கு, சொல்லப்போனால் கொஞ்சம் கூட. சட்டம், பயிற்சி, பை, பிரஷ் எல்லாம் வந்து ஒரு தலைமுறை ஆன பிறகும் இப்படி. அதே காலத்தில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 150 என்பதிலிருந்து 60 அளவுக்கு இறங்கிவிட்டார்கள். குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை.

அழுக்குக் கிழவிதான் காரணம் என்றால், டாக்டரைக் கூப்பிட வசதி உள்ள வீட்டில் சாவு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 1930 முதல் 1932 வரைக்கான அரசுப் பதிவுக் கணக்கில் மேல்தட்டு வீட்டுப் பெண்கள்தான் கூலிக்காரர் வீட்டுப் பெண்களைவிடச் சற்று அதிகமாக இறந்திருக்கிறார்கள். டாக்டருக்கு வெளியே நோயாளிகள் காத்திருப்பார்கள். குளோரோஃபார்ம் கொடுத்து, இடுக்கி போட்டு, இழுத்துவிட்டுப் போய்விடுவார். மருத்துவச்சிக்கு இடுக்கி கிடையாது, ஆகவே காத்திருந்தாள். அந்த விதி அவளை மட்டம் தட்டப் போட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பல தாய்மாரைக் காப்பாற்றியதும் அதே விதிதான்.

எந்தக் கிழவியையும் புனிதர் ஆக்க வரவில்லை. நகத்துக்குள் அழுக்கோடு உள்ளே கை விட்டவர்களும் இருந்தார்கள். ஒரே மருத்துவச்சி வரிசையாக நாலு வீட்டுக்குப் பிரசவ ஜன்னியை (பிரசவத்துக்குப் பின் கிருமி தொற்றி வரும் காய்ச்சலை) சுமந்து போன சம்பவங்களும் உண்டு. டாக்டர்களும் சுமந்தார்கள் என்பதைத்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

6 பிப்ரவரி, நள்ளிரவு

அப்படியானால் எதனால்தான் குறைந்தது என்று கேட்பீர்கள்.

ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் 1935ல் ப்ரோண்டோசில் என்ற சிவப்புச் சாய மருந்தைப் பற்றி வெளியிட்டார். மேலே சொன்ன கோல்புரூக் அதைப் பிரசவ ஜன்னி வந்த பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1936ல் முடிவை வெளியிட்டார். இப்படிக் கிருமியை அடக்கும் சல்ஃபா மருந்துகளின் காலம் தொடங்கியது. அதே சமயம் இரத்தப்போக்கை நிறுத்த எர்கோமெட்ரின் (1935), அப்புறம் இரத்தம் ஏற்றும் வசதி, பென்சிலின். 1950 வாக்கில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே.

நகப் பிரஷ் வீணா? இல்லை. ஆனால் ஜன்னிக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி கையில் மட்டும் இல்லை, பிரசவம் பார்ப்பவரின் தொண்டையிலும் மூக்கிலும் குடியிருந்தது. அதைக் காட்டியவர்களில் கோல்புரூக்கின் சகோதரி டோராவும் ஒருவர். முழங்கை வரை தோல் உரியத் தேய்த்துவிட்டுக் குனிந்து தும்மினால் என்ன ஆகும்? முகத்துக்குத் துணி கட்டும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வலுத்தது.

7 பிப்ரவரி

ஒரு நண்பர்: "நம்ம சினிமாவில் வீட்டில் பிரசவம் என்றதும் சுடுதண்ணி கொண்டாங்க என்பார்களே, அதை வைத்து என்னதான் செய்வார்கள்?"

கத்தரிக்கோலும் கொடி கட்டும் நூலும் கொதிக்க வேண்டும். குழாயின் முனை, கதீட்டர் கொதிக்க வேண்டும். கை கழுவ, தாயைத் துடைக்க, குழந்தையைக் குளிப்பாட்ட. இரண்டு அறை வீட்டில், நிலக்கரி அடுப்பில், ஒரே கெட்டிலில்! அது தவிர வீட்டு ஆம்பளைக்கு ஒரு வேலை கொடுத்தாகணும், இல்லாவிட்டால் வாசலில் நின்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் "ஆயிடுச்சா" என்று கேட்டு உயிரை எடுப்பார். இது என் தேனி அனுபவம். வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரும் தேனியும் இந்த விஷயத்தில் ஒன்று.

7 பிப்ரவரி

பழைய செய்தித்தாளைச் சொல்ல மறந்தேன். மெத்தைமேல் பழுப்புத் தாள், செய்தித்தாள் அடுக்கி, அதன்மேல் பழைய துணி. முடிந்ததும் சுருட்டி அடுப்பில். தொப்புளில் வைக்கும் துணித் துண்டைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் லேசாகக் கருகும்வரை தேய்ப்பார்கள். ஏழை வீட்டில் அதைவிட மலிவான கிருமி நீக்கம் கிடையாது.

9 பிப்ரவரி

படுக்க வைத்தார்களா, உட்கார வைத்தார்களா என்ற கேள்விக்கு: இடது பக்கமாக ஒருக்களித்து. இங்கிலாந்துக்காரர்களின் வழக்கம் அது. மருத்துவச்சி பின்னால் நிற்பாள். கட்டில் காலில் நீளத் துண்டைக் கட்டி, வலி வரும்போது தாய் அதைப் பிடித்து இழுப்பாள். எங்கள் அப்பத்தா உத்தரத்தில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டதாகச் சொல்லும். நான் படித்தபோது மல்லாக்கப் படுக்க வைத்துக் கால் இரண்டையும் தூக்கிக் கட்டியே பழக்கினார்கள். இப்போது இங்கே மறுபடி ஒருக்களிக்கச் சொல்கிறோம், கிழிவது குறையுமாம்.

12 பிப்ரவரி

வேலை எப்படி, வருமானம் எப்படி? இதைத்தான் உண்மையில் எழுத நினைத்தேன். பையிலேயே நின்றுவிட்டேன்.

வலி கண்டதும் கூப்பிடுவார்கள். நடந்தோ, பிற்பாடு சைக்கிளிலோ போக வேண்டும். நச்சுக்கொடி விழும்வரை நகரக் கூடாது, அதற்குப் பிறகும் தேவையானவரை இருக்க வேண்டும். அதோடு விடாது. பிரசவமான பின் பத்து நாள் அவள் பொறுப்பு. போய்த் தாய்க்குக் காய்ச்சல் பார்க்க வேண்டும், தொப்புளைப் பார்க்க வேண்டும், குழந்தையைக் கழுவ வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டுத் தங்கிவிட்டால் டாக்டர். அந்தத் தெர்மாமீட்டர் பைக்குள் வந்தது இதற்குத்தான். 100.4 என்ற எண்ணை நாங்கள் இன்னமும் எட்டிப் பார்க்கிறோம், செல்சியஸில் 38 என்று.

எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். தாயின் வயது, முந்தைய பிரசவங்கள், குறைப்பிரசவங்கள், மருத்துவச்சி வந்த நேரம், குழந்தை எந்த வாக்கில் வந்தது, ஆணா பெண்ணா, உயிரோடா இல்லையா, டாக்டருக்கு ஆள் அனுப்பினாளா, கடைசியாகப் போன தேதி. டாக்டரைக் கூப்பிட ஒரு படிவம், குழந்தை இறந்து பிறந்தால் ஒரு படிவம், தாயோ குழந்தையோ இறந்தால் ஒரு படிவம். திடீரென்று மேற்பார்வையாளர் வீட்டுக்கே வந்து பையைத் திறப்பார், உள்துணியைப் பார்ப்பார், பதிவேட்டைப் புரட்டுவார், வீட்டின் சுத்தத்தையும் சேர்த்தே பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் புகார் வாரியத்துக்குப் போகும். பட்டியலில் பெயரை அடித்துவிட்டால் பிழைப்பு போச்சு.

அந்த நீளமான பதிவேட்டைப் புரட்டியபோது எனக்குப் பிடிபட்டது இதுதான்: பையில் பாதி பிரசவத்துக்கு, மீதி அவளைக் கண்காணிக்க. இதே கண்டிப்பு டாக்டரின் பைக்கு இல்லை.

12 பிப்ரவரி, தொடர்ச்சி

காசு. சட்டம் வந்த காலத்தில் ஒரு பிரசவத்துக்குச் சில ஷில்லிங். அதையும் வாராவாரம் கொஞ்சமாகக் கொடுத்து அடைப்பார்கள், அல்லது முட்டைக்கோஸாகக் கொடுப்பார்கள், அல்லது கொடுக்கவே மாட்டார்கள். 1911 தேசிய காப்பீட்டுச் சட்டத்தில் பேறுகால உதவியாக 30 ஷில்லிங் வந்தது. முதலில் அந்தப் பணம் புருஷன் கைக்குத்தான் போயிற்று. பெண்கள் சங்கங்கள் சண்டை போட்டு 1913ல் அது தாயின் பணம் என்று மாற்றினார்கள். இடையில் எத்தனை ஷில்லிங் சாராயக் கடைக்குப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இதைவிடப் பெரிய அநியாயம் டாக்டர் பணம். ஆபத்தென்றால் மருத்துவச்சி டாக்டரைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்றது 1902 சட்டம். வந்த டாக்டருக்கு யார் கொடுப்பது என்று சொல்லவில்லை! குடும்பத்திடம் காசு இல்லை. டாக்டர் வர யோசிப்பார். வராவிட்டால் நிற்பது அவள், கூப்பிடாவிட்டால் விசாரணையும் அவளுக்கு. 1918ல் வந்த திருத்தச் சட்டத்தில்தான் உள்ளாட்சி அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று ஆனது. பதினாறு வருஷம்.

எங்கள் காலத்திலும் உண்டு இது. ஒரு மருத்துவமனையில், ராத்திரி டாக்டரை எழுப்பினால் "இதுக்கா எழுப்பினே" என்று திட்டு, எழுப்பாவிட்டால் காலையில் மெமோ. அதனால்தான் 1918ஐப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது.

13 பிப்ரவரி

"1910க்குப் பிறகு பதிவு இல்லாத கிழவிகள் ஒழிந்தார்கள்" என்று எழுதியவருக்கு.

ஒழியவில்லை. சட்டம் கட்டம் கட்டமாக வந்தது. சட்டத்துக்கு முன்பே ஒரு வருஷமாவது தொழில் செய்து, நல்ல நடத்தை என்று சான்று காட்டியவர்களைப் பரீட்சை இல்லாமலே பட்டியலில் சேர்த்தார்கள். தொடக்கப் பட்டியலில் பாதிக்கு மேல் அவர்கள்தான். 1905 ஏப்ரலிலிருந்து சான்று இல்லாதவர் மருத்துவச்சி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. 1910 ஏப்ரலிலிருந்து காசுக்குப் பிரசவம் பார்ப்பதையே தொழிலாக வைத்துக்கொள்ளக் கூடாது, டாக்டரின் மேற்பார்வையில் தவிர. அந்தத் "தவிர"தான் ஓட்டை. கிழவி பார்ப்பாள், டாக்டர் சாவகாசமாக வந்து கையெழுத்துப் போட்டுப் பங்கு வாங்கிக்கொள்வார். இப்படி வெகுகாலம் ஓடியது.

ஊர்க்காரர்களுக்கும் அந்தக் கிழவி வேண்டியிருந்தது. படித்த மருத்துவச்சி குழந்தையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். கிழவி சமைப்பாள், துணி துவைப்பாள், மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். தெருவில் யாராவது செத்தால் குளிப்பாட்டிக் கிடத்துவதும் அவள்தான். வாரிய விதி இதைத்தான் முதலில் வெட்டியது. பிணத்தைத் தொட்ட கையோடு பிரசவம் கூடாது. மருத்துவக் கணக்கில் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பிறப்புக்கும் சாவுக்கும் ஒரே ஆள் என்றிருந்த ஏற்பாடு அதோடு உடைந்தது.

13 பிப்ரவரி

பயிற்சிக் காலம் கேட்டவருக்கு: முதலில் மூன்று மாதம், 1916ல் ஆறு மாதம், 1926ல் ஒரு வருஷம். ஏற்கெனவே நர்ஸாக இருந்தால் குறைவு.

16 பிப்ரவரி

பையில் உண்மையிலேயே வேலை செய்தது எது என்றால் நான் கண் சொட்டு மருந்தைச் சொல்வேன். பிறக்கும்போதே மேகநோய்க் கிருமி கண்ணில் பட்டு, சீழ் கட்டி, பார்வை போகும் குழந்தைகள் அன்று ஏராளம். லைப்ஸிக் நகரத்தில் கார்ல் கிரெடே 1880களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தையின் கண்ணில் சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். நோய் சட்டென்று விழுந்தது. இங்கிலாந்தில் 1914ல் இந்தக் கண் நோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்றார்கள், மருத்துவச்சிகள் பையில் சொட்டு மருந்தும் ஏறியது. ஒரு சொட்டு, கண்ணை ஒருமுறை துடைப்பது, அவ்வளவுதான்.

பட்டியலில் முதலாவதாக நின்ற கழுவும் குழாய் என்ன ஆனது? உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் வெளிக்கிருமியும் சேர்ந்து மேலே ஏறும் என்று போகப் போகப் புரிந்து ஓரம் கட்டினார்கள். விதியில் முதல் இடம் பிடித்த கருவி இப்படிப் போனது!

17 பிப்ரவரி

இந்தக் கேள்வி பதில் இழை திசை மாறுகிறது, பரவாயில்லை. பனிக்குடச் சவ்வு தலையில் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டு பிறக்கும் குழந்தை அதிர்ஷ்டசாலி என்று அங்கே நம்பிக்கை. அந்தச் சவ்வைக் காய வைத்துக் கப்பல்காரர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள், வைத்திருந்தால் கடலில் மூழ்க மாட்டார்களாம். நம் ஊரில் கொடி மாலை சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது. வெள்ளைக்காரனுக்கு வருமானம், நம் மாமனுக்குத் தண்டம். எண்ணெய்க் கிண்ணத்தில் குழந்தை முகத்தைப் பார்த்த மாமன்கள் கை தூக்குங்கள்.

19 பிப்ரவரி

"நம்ம ஊர் பற்றி ஒன்றுமே இல்லையே." சுருக்கமாக.

சென்னையில் பிரசவ மருத்துவமனை 1844லேயே வந்துவிட்டது, இன்றைய எழும்பூர் ஆஸ்பத்திரியின் மூலம் அதுதான். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி 1885ல், மேரி ஷார்லீப் என்ற பெண் டாக்டர் முன்நின்று தொடங்கியது. ஆண் டாக்டரிடம் வராத பெண்களுக்காக. நர்சுகளுக்கும் மருத்துவச்சிகளுக்குமான சென்னை மாகாணச் சட்டம் 1926. கிராமத்தில் பிரசவம் பார்த்தது பெரும்பாலும் மருத்துவர் சமூகத்துப் பெண்கள், ஆண்கள் முடிவெட்டும் வேலை செய்த அதே குடும்பங்கள். கூலி நெல்லும் பழைய சேலையும். நடுராத்திரி வீட்டுக்குள் கூப்பிட்டு உயிரை ஒப்படைப்பார்கள், விடிந்ததும் அதே பெண் திண்ணையில் உட்காரக் கூடாது. இதை இங்கிலாந்து நிலைமையோடு சேர்த்துப் பேசினால் இரண்டும் கெடும். தனி இழை போடுங்கள், வந்து எழுதுகிறேன்.

20 பிப்ரவரி

குழந்தையின் இதயத்துடிப்பை எப்படிக் கேட்டார்கள்? நேராக வயிற்றில் காதை வைத்து, அல்லது குழல் வைத்து. பாரிஸ் டாக்டர் அடோல்ஃப் பினார் 1895ல் செய்த குழல் இன்றும் எங்கள் அலமாரியில் உண்டு. அகன்ற வாயை வயிற்றில் பதித்து, தட்டை முனையில் காதை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். கை பட்டால் உரசல் சத்தம்தான் கேட்கும். பழகும் வரை உங்கள் காதில் ஓடும் இரத்தச் சத்தத்தையே குழந்தை என்று நினைப்பீர்கள். அதனால் மறுகையால் தாயின் நாடியைப் பிடித்துக்கொண்டே எண்ணுவோம், இரண்டும் ஒரே வேகம் என்றால் கேட்பது தாயுடையது. மின்சாரம் போன ராத்திரியில் தேனியில் இதுதான் கைகொடுத்தது.

23 பிப்ரவரி

கடைசிக் கேள்வி, இந்தத் தனித்தொழில் எப்போது முடிந்தது? 1936 சட்டத்தோடு. உள்ளாட்சிகள் சம்பளத்துக்கு மருத்துவச்சிகளை அமர்த்த வேண்டும் என்றது அது. வயதானவர்களும் முடியாதவர்களும் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தால் ஈட்டுத்தொகை உண்டு. வலி குறைக்க லிவர்பூல் டாக்டர் மின்னிட் 1933ல் செய்த பெட்டியை (நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைக் காற்றோடு கலந்து மூச்சில் இழுக்கக் கொடுப்பது), பயிற்சி எடுத்த மருத்துவச்சிகள் பயன்படுத்த வாரியம் அனுமதித்ததும் 1936லேயே. ஆனால் பெட்டி கனம், சிலிண்டர் வேறு. சைக்கிளில் கட்டிக்கொண்டு மேடு ஏற வேண்டும். பல இடங்களில் புருஷனை அனுப்பித் தள்ளுவண்டியில் எடுத்துவரச் சொன்னார்களாம். ஆக, சுடுதண்ணிக்கு அடுத்து அவருக்கு இன்னொரு வேலை கிடைத்தது.